சத்தமில்லாமல் கெடும் தகவல்

மூன்றாமாண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்



மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று நம் யூனியன் செயலாளர் கேட்டார். "டேட்டாபேஸ் கரப்ஷன்" என்றேன். "ஊழல் கட்டுரையெல்லாம் வேண்டாம்மா, பிரின்ஸிபால் சாரிடம் நான்தான் கையெழுத்து வாங்கணும்" என்று பதறிவிட்டார்! இது அந்தக் கரப்ஷன் இல்லை அண்ணா என்று விளக்கி இடம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இது அரிசி மூட்டையில் வண்டு விழுவது மாதிரி. வெளியே பார்த்தால் மூட்டை மூட்டையாகத்தான் இருக்கும். அள்ளிப் புடைக்கும்போதுதான் தெரியும். சேர்த்து வைத்த தகவல், யாரும் திருத்தாமல், யாரும் அழிக்காமல், மாறிப்போவதும் காணாமல் போவதும்தான் டேட்டா கரப்ஷன்.

நாம் லேபில் செய்யும் டேட்டாபேஸ் வேறு. ஸ்டூடன்ட் டேபிள், மார்க் டேபிள், ஐந்து வரி இன்சர்ட், எக்ஸ்டர்னல் பார்த்துவிட்டுப் போனதும் டிராப் டேபிள். அது கெட்டால் யாருக்கும் சோறு நிற்காது. புரொடக்ஷன் டேட்டாபேஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் டேட்டாபேஸ். அது கெட்டால் என்ன ஆகும் என்று நான் நேரில் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமைச் சம்பளம்

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட். அங்கே கணக்கு ரூமில் கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணனிடம் அம்மாவே பேசி, போன மே மாத லீவில் எனக்கு இரண்டு வாரம் இன்-பிளான்ட் டிரெயினிங் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கம்பெனியில் முறை இதுதான். கட்டிங் முடிந்ததும் இருபது இருபது பீஸாகப் பண்டில் கட்டுவார்கள். ஒவ்வொரு பண்டிலிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட். தைத்து முடித்த டெய்லர் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைச் சாயங்காலம் ஆபீஸில் கொடுப்பார். மறுபாதி அவருக்கு. ஆபீஸ் அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் காகிதத்தைச் சாக்கில் போட்டுவிடுவார். சாக்கு வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும். 64 டெய்லர்கள், ஒரு நாளைக்கு 950, 1,000 டிக்கெட். சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் கணக்குப் போடும், ராத்திரி ஏழு மணிக்குச் சம்பளக் கவர்.

நான் போன முதல் வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், அக்கா டிக்கெட் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ உப்பிப் போய்க் கிடந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் ஆன் பண்ணினார்கள். சாஃப்ட்வேர் திறந்தது, பட்டியல் வந்தது, எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒன்று சொன்னார். மேஜை இடுக்கில் மாட்டிக் கிடந்த ஒரு டிக்கெட்டை எடுத்து ஏற்றினாராம். "இதை நேத்தே ஏத்துன ஞாபகம் இருக்குது. ரெண்டாந்தடவை போட்டா எப்பவும் ஏத்துக்காதே, இன்னிக்கு ஏத்துக்கிச்சே" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை, நான் உட்பட. அந்த வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை அதுதான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சம்பள ரிப்போர்ட் எடுக்க பட்டனை அமுக்கினால், திரையில் சிவப்பாக ஒரு வரி: டேபிளின் 3105-ஆம் பக்கம் செல்லாத பக்கம். ரிப்போர்ட் வரவில்லை.

பக்கம், சிட்டை, பேரேடு

அது என்ன பக்கம் என்கிறீர்களா? டேட்டாபேஸ் தன் ஃபைலை ஒரே நீளத் துணியாக வைத்துக்கொள்வதில்லை. நோட்டுப் புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். அங்கே இருந்தது போஸ்ட்கிரெஸ். அதில் ஒரு பக்கம் 8 கேபி, அதாவது 8,192 பைட். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்றால் சாதாரணமாக 16 கேபி. எங்கள் டிக்கெட் டேபிளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 90 டிக்கெட் பிடித்தது.

இப்போது மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை விற்ற உடனே சிட்டையில் ஒரு வரி எழுதுவார். பிறகு சாவகாசமாக அதைப் பேரேட்டில் அவரவர் பெயரில் ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றும்போது மை கொட்டினாலும் கவலை இல்லை, சிட்டையைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம். டேட்டாபேஸும் இதேதான் செய்கிறது. முதலில் லாகில் எழுதி, அது டிஸ்கில் நிஜமாகவே பதிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் "சேவ் ஆகிவிட்டது" என்று நமக்குச் சொல்லும். பக்கத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும். இதற்கு ரைட்-அஹெட் லாக் என்று பெயர். கரண்ட் போய் வந்தால் லாகைப் படித்து விட்டதைச் சரிசெய்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது "நிஜமாகவே பதிந்துவிட்டதா" என்ற கேள்வி. ஒரு புரோகிராம் எழுது என்று சொன்னதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் உடனே டிஸ்கில் எழுதாது. ரேமில் வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும், நேரம் கிடைக்கும்போது எழுதும். "இப்பவே எழுதி முடிச்சுட்டுச் சொல்லு" என்று பிடிவாதம் பிடிப்பதற்கு எஃப்சிங்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது கொஞ்சம் நேரம் எடுக்கும். எங்கள் கம்பெனிக்கு முன்பு யாரோ சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர், வேகமாக ஓடட்டும் என்று எஃப்சிங்க்கை ஆஃப் செய்து வைத்திருந்தார். அதாவது, சிட்டையை எழுதிவிட்டதாகக் கணக்குப்பிள்ளை வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள். மின்சாரம் இருக்கும் வரை எந்தக் குறையும் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 8 கேபியாக நினைத்தாலும் கீழே டிஸ்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பெரும்பாலும் 4 கேபி 4 கேபியாகத்தான் எழுதும். சரியாக நடுவில் கரண்ட் போனால் ஒரு பக்கத்தில் பாதி புதுசு, பாதி பழசு. இதைக் கிழிந்த பக்கம் என்பார்கள். இதற்காகவே போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது, முழுப் பக்கத்தையும் லாகில் நகல் எடுத்து வைக்கும். இன்னோடிபி பக்கத்தை டபுள்ரைட் என்ற தனி இடத்தில் ஒருமுறை எழுதிவிட்டுத்தான் சொந்த இடத்தில் எழுதும். எங்கள் ஊர் புண்ணியவான் அந்த முழுப் பக்க நகலையும் ஆஃப் செய்திருந்தார். இரண்டும் தானாக ஆனில்தான் வரும். வேலை மெனக்கெட்டு ஆஃப் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

முதல் மருந்து: கையை எடு

கணக்கு ரூம் அண்ணன் நல்லவர், ஆனால் அன்றைக்குப் பதறிவிட்டார். ஏழு மணிக்கு 64 பேர் வாசலில் நிற்பார்கள் அல்லவா! இன்டர்நெட்டில் தேடினார். கெட்ட பக்கங்களைப் பூஜ்யமாக்கிவிட்டு மேலே போகச் சொல்லும் ஒரு செட்டிங் கிடைத்தது. அதைப் போட்டால் எரர் வராது, ரிப்போர்ட் வந்துவிடும். போடப் போனார். நல்லவேளையாகச் சென்னையில் இருக்கும் அவர் நண்பர் போனில் கிடைத்தார். அவர் கத்தியது எனக்கே கேட்டது: "எதையும் தொடாதே! சர்வரை நிறுத்து. ஃபோல்டர் முழுசையும் வேற டிஸ்குக்குக் காப்பி எடு. அப்புறம் பேசு."

இதைவிடப் பெரிய பாடம் இந்தக் கட்டுரையில் இல்லை. கெட்டுப்போன டேட்டாபேஸில் நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் தடயத்தை அழிக்கிறது. ரிப்பேர் கட்டளைகளில் பல, கெட்ட பகுதியை வெட்டி எறிந்துதான் மிச்சத்தைக் காப்பாற்றுகின்றன. எஸ்கியூஎல் சர்வரில் அப்படிப்பட்ட ரிப்பேருக்கு "ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்! மைஎஸ்கியூஎல்லில் ஃபோர்ஸ் ரெக்கவரி என்று 1 முதல் 6 வரை படி உண்டு. 4-க்கோ அதற்கு மேலோ போனால் ஃபைல் நிரந்தரமாகக் கெடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. ஆகவே முதலில் நகல். பிறகு அந்த நகலின் நகலில் வைத்தியம்.

அடுத்தது மூன்று கேள்வி. எப்போது கெட்டது? எங்கே கெட்டது? எதனால் கெட்டது?

எப்போது என்பதற்கு லாக் ஃபைலைப் படிக்க வேண்டும். கெட்ட நேரமும் தெரிந்த நேரமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எங்களுக்குச் சனிக்கிழமை தெரிந்தது. லாகைப் பார்த்தால், வியாழன் சாயங்காலம் சர்வர் ஒழுங்காக மூடப்படவில்லை என்று அதுவே எழுதி வைத்திருந்தது.

எங்கே என்பதில் முக்கியமானது, டேபிள் கெட்டதா, இண்டெக்ஸ் கெட்டதா என்பது. இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. அது கெட்டால் கிழித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். டேபிள் என்பது புத்தகமே. ஒரு எளிய சோதனை: ஒரே கேள்வியை இண்டெக்ஸ் வழியாக ஒருமுறை, இண்டெக்ஸைப் பயன்படுத்தாதே என்று சொல்லி ஒருமுறை கேளுங்கள். விடை இரண்டு விதமாக வந்தால் இண்டெக்ஸின் மேல் சந்தேகம் வைக்கலாம். போஸ்ட்கிரெஸில் ஆம்செக் என்ற கருவி இதை முறையாகவே செய்யும்.

எதனால் என்பதற்கு டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் லாகையும் பார்க்கணும், ரேமை ஒரு ராத்திரி முழுக்கச் சோதிக்கணும். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால், இன்றைக்குச் சரிசெய்வது நாளைக்குத் திரும்பக் கெடும். எங்கள் டிஸ்கில் குறை ஒன்றும் தெரியவில்லை.

எரர் வந்த பக்கமும் எரர் வராத பக்கமும்

மத்தியானம் ஒன்றரைக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்தார் அண்ணன். நகலில், டிக்கெட் டேபிளை 0-ஆம் பக்கம் முதல் 3117-ஆம் பக்கம் வரை ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு, வந்ததை வேறொரு டேபிளில் போடுவது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு வரிக்கும் "இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி" என்று விலாசம் உண்டு. அதைச் சொல்லிக் கேட்கலாம். நான் படிக்கிற படிப்பில் ஒரு ஃபார் லூப் இவ்வளவு படபடப்பாக ஓடியது அதுதான் முதல் தடவை! 3105-இல் மட்டும் எரர். மற்ற எல்லாப் பக்கமும் வந்தது.

90 டிக்கெட்தானே போனது என்று நிம்மதியானோம். ஆனால் ஒவ்வொரு டிக்கெட் வரிக்கும் ஏறும் வரிசையில் ஒரு சீரியல் நம்பர் உண்டு. அதை எண்ணிப் பார்த்தால் 135 குறைகிறது. ரோல்பேக் ஆனாலும் நம்பர் விட்டுப்போகும், கிராஷ் ஆன பிறகும் போஸ்ட்கிரெஸ் சில நம்பரைத் தாண்டிவிடும். ஆகவே இடைவெளி எல்லாமே இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் இங்கே 3105-க்கு முந்தைய பக்கத்திலேயே வரிசையாக 45 நம்பர் இல்லை. 3104-ஆம் பக்கம் எரரே கொடுக்கவில்லையே?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்தின் தலையில் விவரக் குறிப்பு இருக்கும். வரிகள் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்பும். 3105-இல் கீழ்ப்பாதி பதிந்து, தலைப்பாதி பதியாமல் போயிருந்தது. தலையே இல்லாததால் போஸ்ட்கிரெஸ் கண்டுபிடித்துக் கத்தியது. 3104-இல் நேர்மாறு. தலைப்பாதி பதிந்து, கீழ்ப்பாதி வெறும் பூஜ்யம். தலை ஒழுங்காக இருந்ததால் பக்கம் செல்லும் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யமாகிவிட்ட வரிகளை, முடியாமல் போன பரிவர்த்தனையின் மிச்சம் என்று நினைத்துச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. அக்காவின் டிக்கெட்டை இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டதும் இதனால்தான். முதல் முறை ஏற்றியது அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தது!

3105 மட்டும் இல்லாமல் 3104 மட்டும் கெட்டிருந்தால்? எந்த எரரும் வந்திருக்காது. ரிப்போர்ட் அழகாக வந்திருக்கும். 45 டிக்கெட்டுக்கான கூலி கவரில் குறைந்திருக்கும். கேட்கப் போகிறவர்களிடம் "கம்ப்யூட்டர்ல இப்படித்தான் இருக்கு" என்று சொல்லியிருப்போம். நானே சொல்லியிருப்பேன்.

இதற்கு மருந்து செக்சம். நம் ஆதார் எண்ணில் 12-ஆவது இலக்கம், முன்னால் இருக்கும் 11 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒரு இலக்கத்தை மாற்றிச் சொன்னால் கணக்கு உதைக்கும். அதேபோல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்கு எண் போட்டு வைத்து, படிக்கும்போதெல்லாம் சரிபார்ப்பது. போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2013-இல் 9.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்துதான் புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸில் தானாகவே ஆனாக இருக்கிறது. எங்களுடையது பழைய பதிப்பு, யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் சேஃப்டி பின்

சரி, 135 டிக்கெட். அவற்றில் ஒன்று அக்கா வெள்ளிக்கிழமை மறுபடி ஏற்றியதால் பிழைத்துக்கொண்டது. மீதி 134. பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தால், பதினொரு நாளாகப் பேக்கப்பே இல்லை. பென்டிரைவ் நிரம்பிப் போயிருக்கிறது. தினமும் ராத்திரி தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. போஸ்ட்கிரெஸின் டம்ப் பேக்கப், டேபிளில் உள்ள எல்லா வரியையும் படித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே அது ஒழுங்காக ஓடியிருந்தால் 3105-இல் முட்டி நின்றிருக்கும், வியாழன் ராத்திரியே விஷயம் தெரிந்திருக்கும், சாக்குக் காகிதமும் கையில் இருந்திருக்கும்.

கட்டிங் மாஸ்டர் நோட்டில் எந்தப் பண்டில் எந்த லைனுக்குப் போனது என்று இருந்தது. அதையும் டேபிளில் இருப்பதையும் ஒப்பிட்டால் எந்த 134 டிக்கெட் காணோம் என்று தெரியும். யார் தைத்தது என்று தெரியாது. அதற்கு டெய்லர்களிடம் இருக்கும் மறுபாதிதான் வழி.

பலர் மறுபாதியை அன்றன்றே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே! எங்கள் அம்மா எறிவதில்லை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நாள் டிக்கெட்டையும் தனித்தனி சேஃப்டி பின்னில் கோத்து, சுருக்குப் பையில் வைத்திருப்பார். சம்பளம் வாங்கி எண்ணிய பிறகுதான் கழற்றுவார். நான் படிக்க ஆரம்பித்த பிறகு எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று மணிக்கு லைனுக்குப் போய்க் கேட்டபோது, மிஷினை நிறுத்தாமலே பையை எடுத்துக் கொடுத்தார். "வியாழக்கிழமைது வளைஞ்ச பின்னு அம்மிணி, பாத்து எடு." அந்த 134-இல் அம்மாவுடையது ஒன்பது. 28 ரூபாய் வீதம் 252 ரூபாய்.

தடுப்பது எப்படி என்று கேட்டால், எனக்கு இப்போது எல்லாமே அந்தச் சேஃப்டி பின்னாகத்தான் தெரிகிறது. டேட்டாபேஸ் சொல்வதை, டேட்டாபேஸைச் சாராத வேறு ஒன்று சரிபார்க்க வேண்டும். செக்சம் ஒரு பின். பேக்கப் ஒரு பின். ராத்திரி ராத்திரி, கட்டிங்கில் போன பண்டில் எண்ணிக்கையையும் ஏறிய டிக்கெட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு பின்.

இதெல்லாம் சின்னக் கம்பெனிக்குத்தான், பெரிய இடத்தில் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், டம்ப் எடுக்கும் புரோகிராமின் பதிப்பு சர்வரின் பதிப்போடு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேராமல் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பென்டிரைவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்! தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். அப்படியும் சுமார் 5,000 புராஜெக்ட் போயிற்று. அவர்கள் இதை மறைக்காமல் முழுசாக வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ரெப்ளிகா என்பது நிழல். நாம் தப்பாக ஒரு டெலீட் அடித்தால் அடுத்த நொடி நிழலும் டெலீட் அடிக்கும். அதேபோல ஒரே ஃபைலின் மேல் தினமும் பேக்கப் எடுப்பதும் ஆகாது. கெட்ட பிறகு எடுத்த பேக்கப், கெட்டதன் பேக்கப்தான். பல நாள் பேக்கப்பைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளணும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கணும். மாதம் ஒருமுறையாவது வேறு கம்ப்யூட்டரில் திருப்பி ஏற்றிப் பார்க்கணும். அதுவரை அது பேக்கப் இல்லை, பேக்கப் என்று பெயர் வைத்த ஒரு ஃபைல்.

எஃப்சிங்க்கை ஆனில் வைத்திருந்தாலும் முழு நிம்மதி கிடையாது என்பது இன்னொரு கதை. 2018-இல்தான் போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கே ஒரு விஷயம் உறைத்தது. டிஸ்கில் எழுத முடியவில்லை என்றால் லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லும். திரும்பக் கேட்டால், எழுதாமலே "எல்லாம் சரி" என்று சொல்லிவிடலாம். திரும்பக் கேட்டுச் சரி என்று வந்தால் போதும் என்றுதான் போஸ்ட்கிரெஸ் அத்தனை வருடமும் நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்திலிருந்து, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு லாகிலிருந்து மறுபடி எழுந்துவருகிறது.

2018-இலேயே இன்னொன்று. லினக்ஸின் ஜிலிப்சி 2.28 பதிப்பில் எழுத்துகளின் அகர வரிசை விதி மாறியது. நம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் ஸ்டீபனும் ஷாலினியும் எங்கே வர வேண்டும் என்று ஒவ்வொரு சாருக்கும் ஒரு வரிசை இருக்குமே, அப்படி. பழைய வரிசையில் எழுதிய இண்டெக்ஸில் புது வரிசைப்படி தேடினால், இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லும். டிஸ்கில் ஒரு பிட் கூடக் கெடவில்லை, ஆனாலும் விடை தப்பு! ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மேம்படுத்தினால் எழுத்து இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

சிபியுவே பொய் சொன்ன கதையும் உண்டு. 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும்போது சில ஃபைல் காணாமல் போகிறது. துருவித் துருவிப் பார்த்தால், ஒரு சிபியுவில் ஒரே ஒரு கோர், 1.1-ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 என்று சொல்வதற்குப் பதில் 0 என்று சொல்லியிருக்கிறது. ஃபைலின் அளவு 0 என்றால் விரிக்க ஒன்றுமில்லை என்று புரோகிராம் விட்டுவிட்டது. எந்த எரரும் இல்லை.

நம் கையில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. டேபிள் கட்டும்போது நாட் நல், செக், ஃபாரின் கீ எல்லாவற்றையும் வைவா கேள்விக்காக மட்டும் படிக்கிறோம். இல்லாத டெய்லர் நம்பருக்குக் கூலி ஏறாமல் தடுப்பது ஃபாரின் கீதான். கூலியை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். 0.1 என்ற எண்ணை அதனால் சரியாகப் பிடித்து வைக்க முடியாது. நியூமரிக் எதற்கு இருக்கிறது?

ஏழு மணி ஆனபோது 134-இல் 120 டிக்கெட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. சிலர் டிஃபன் பாக்ஸ் பையில் வைத்திருந்தார்கள், ஒரு அக்கா மிஷின் டிராயரைக் கவிழ்த்துக் கொட்டினார், சிலருக்கு லைன் சூப்பர்வைசர் சாட்சி சொன்னார். சம்பளம் எட்டேகாலுக்கு ஆரம்பித்தது. பாக்கி 14 டிக்கெட்டும் ஒரே வேலை, ஒரே மிஷின். அதில் உட்காரும் ஒடிசாப் பெண் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள், சம்பளத்தை அக்கவுண்டில் போடச் சொல்லிவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் போன் கிடைக்கவில்லை. அண்ணன் அன்றைக்கு வந்து எஃப்சிங்க்கையும் முழுப் பக்க நகலையும் ஆன் செய்தார், செக்சம் போட்டுப் புது டேட்டாபேஸ் கட்டினார், அதன் பேக்கப்பை என் கையாலேயே இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டச் சொன்னார். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வந்தது. திங்கட்கிழமை காலையில் வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. சிமெண்டுத் திண்ணையில் வரிசையாக அடுக்கிய 14 துண்டு டிக்கெட், பறக்காமல் இருக்க மேலே ஒரு செம்பு. சீரியல் நம்பர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்.